மலைவாழையும் அசுவினியும்: வைரஸ் ஆய்வில் நான் இழந்த ஓராண்டும் அதிலிருந்து சில எச்சரிக்கைகளும்

அசுவினிகள் என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகள் வழியாகப் பரவும் பயிர் வைரஸ்களில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருப்பவர்களுக்காகவும், பதிவு செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் எடுத்துக்கொண்டது கீழ்ப்பழனி மலையின் வாழையில் வரும் முடிக்கொத்து நோய். மூன்றரை ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்று திட்டமிட்ட வேலை ஐந்து ஆண்டுகளைத் தாண்டியது. அதில் ஓராண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு, ஆய்வேட்டில் ஒரு வரியாகக்கூட இடம்பெறாமல் போனது. உதவித்தொகை நின்ற பிறகு கையிலிருந்தும் வீட்டிலிருந்தும் செலவழித்தது 70 ஆயிரம் ரூபாய்க்கு மேல் இருக்கும். இந்தத் துறையின் பாடப்புத்தகங்கள் வைரஸைப் பற்றியும் பூச்சியைப் பற்றியும் நிறையச் சொல்கின்றன. ஒரு சோதனையைத் தொடங்குவதற்கு முன் செடியும் பூச்சியும் எந்த நிலையில் இருக்க வேண்டும், அந்த நிலைக்கு அவற்றைக் கொண்டுவர எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

நோயைப் பற்றி அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர் பகுதிகளில் காப்பிச் செடிகளுக்கு நடுவே விருப்பாச்சி வாழையைப் பல்லாண்டுப் பயிராக வைத்திருப்பார்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கித் தந்த பழம் அது. ஒருகாலத்தில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, 1970-களில் முடிக்கொத்து நோய் பரவிய பிறகு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியதாக ஆய்வுக் கட்டுரைகள் குறிப்பிடுகின்றன. சமவெளியில் ஆண்டுதோறும் கன்று மாற்றி நடுவதுபோல் இங்கே செய்வதில்லை. ஒரு குத்து பல ஆண்டுகள் அதே இடத்தில் நிற்கும், பக்கக்கன்றுகள் வந்துகொண்டே இருக்கும். ஆகவே நோய் கண்ட ஒரு குத்து, வெட்டி எறியப்படாத வரை, சுற்றியுள்ள எல்லாக் குத்துகளுக்கும் வைரஸை வழங்கிக்கொண்டே இருக்கும். அதை எடுத்துச் செல்வது வாழை அசுவினி. கருப்பும் பழுப்பும் கலந்த நிறத்தில், கடுகைவிடச் சிறியதாக, வெளிமட்டைக்குக் கீழே தண்டோடு ஒட்டிக்கொண்டு கூட்டமாக இருக்கும். மண்ணை ஒட்டிய பகுதியிலும் குருத்திலையின் சுருளுக்குள்ளும் தேடினால்தான் கிடைக்கும். தண்டில் எறும்புகள் வரிசையாக ஏறி இறங்கினால் மட்டையை நீக்கிப் பார்க்கலாம், பெரும்பாலும் அசுவினி இருக்கும். அது சுரக்கும் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன.

அசுவினிதான் இந்த நோயைப் பரப்புகிறது என்பதை ஆஸ்திரேலியாவில் மாகீ என்ற அறிஞர் 1920-களிலேயே நிறுவிவிட்டார். அங்கே ஏறக்குறைய அழிந்தே போயிருந்த வாழைத் தொழிலை, நோயுற்ற குத்துகளைக் கட்டாயமாக அழிக்கும் சட்டத்தின் மூலம் மீட்டெடுத்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை தெரிந்த நோய் நம் மலையில் இன்னும் ஏன் நிற்கிறது என்ற கேள்விதான் என்னை இந்த ஆய்வுக்குள் இழுத்தது. என் சோதனைத் திட்டம் எளிமையானது. மலையின் வெவ்வேறு உயரங்களிலிருந்து அசுவினிகளைக் கொண்டுவந்து, வைரஸ் உள்ள வாழையில் மேயவிட்டு, பிறகு நலமான கன்றுகளுக்கு மாற்றி, எத்தனை கன்றுகள் நோயுறுகின்றன என்று ஒப்பிட வேண்டும். இதற்கு முதல் தேவை, சந்தேகத்துக்கு இடமின்றி நலமான கன்றுகள்.

அங்கேதான் முதல் அடி விழுந்தது. ஒரு தனியார் திசு வளர்ப்பு நிறுவனத்திடமிருந்து கன்றுகள் வாங்கினோம். வைரஸ் இல்லாதவை என்று தலைப்புத்தாளில் எழுதி, முத்திரையிட்டு ஒரு கடிதமும் தந்தார்கள். வலைக்கூடத்தில் வைத்துப் பூச்சிக்கூண்டுகளால் மூடி, பாதிக் கன்றுகளில் அசுவினிகளை விட்டோம். மீதிப் பாதியில் ஒரு பூச்சியும் விடவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில் பூச்சி விடாத கன்று ஒன்றின் புதிய இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். நடுநரம்பின் அடிப்பகுதியில், புள்ளியும் சிறு கோடுமாக, கரும்பச்சை நிறத்தில் தீற்றல்கள் தெரிந்தன; சில கோடுகள் நடுநரம்பில் இறங்கும் இடத்தில் கொக்கிபோல் வளைந்திருந்தன. இந்த நோயின் மிக உறுதியான அடையாளம் அது. அடுத்த வாரங்களில் அதே வரிசையில் மேலும் பல கன்றுகள், குறுகிய இலைகளோடு நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நின்றன.

பூச்சி விடாத கன்றில் நோய் வந்துவிட்டால், பூச்சி விட்ட கன்றில் வந்த நோய்க்கு எந்த அர்த்தமும் இல்லை. அசுவினிகள் வலைக்குள் நுழைந்துவிட்டனவா என்று ஒவ்வொரு தையலையும் சோதித்தேன், ஒவ்வொரு மட்டையையும் பிரித்துப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆய்வகத்தில் இருந்த மூத்த உதவியாளர் ஒருவரின் பழக்கம் அப்போது கைகொடுத்தது. கன்றுகள் வந்து இறங்கிய அன்றே, சிலவற்றிலிருந்து இலைத் துண்டு வெட்டி, எண் எழுதி, உறைபெட்டியில் போட்டு வைத்திருந்தார். டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறையில் அவற்றைச் சோதித்தபோது பல துண்டுகளில் வைரஸின் டிஎன்ஏ இருந்தது. கன்றுகள் வரும்போதே நோயோடுதான் வந்திருக்கின்றன. நிறுவனத்துக்கு எழுதினோம், உங்கள் இடத்தில்தான் தொற்றியிருக்கும் என்று பதில் வந்தது, பணமும் திரும்பவில்லை. அன்றிரவு விடுதி அறையில் உட்கார்ந்து, ஓராண்டுக் குறிப்பேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, கோபமும் வந்தது. வீட்டில் சொன்னால் படிப்பை விட்டுவிடச் சொல்வார்களோ என்று பயந்து, பல வாரங்கள் எல்லாம் நன்றாக நடக்கிறது என்றே தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே கன்று வாங்குவது பற்றி விரிவாகவே சொல்கிறேன். திசு வளர்ப்புக் கன்று என்றாலே வைரஸ் இல்லாதது என்ற எண்ணம் விவசாயிகளிடம் மட்டுமல்ல, ஆய்வாளர்களிடமும் இருக்கிறது. திசு வளர்ப்பு, தாய்க்கிழங்கில் இருப்பதைத்தான் பெருக்கித் தரும். தாயில் வைரஸ் இருந்தால் குட்டிகளிலும் இருக்கும். அதிலும் சிக்கல் என்னவென்றால், ஒரே தாயிலிருந்து வந்தவற்றில் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் வைரஸ் விலகிப் போயிருக்கும். இதனால் பத்துக் கன்றைச் சோதித்துவிட்டு ஆயிரத்துக்கும் முடிவு சொல்ல இயலாது. நம் நாட்டில் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கென்று மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் தேசியச் சான்றளிப்பு முறை ஒன்று 2006 முதல் இருக்கிறது. அதன்படி அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம் ஒன்றில் தொகுதி வாரியாகச் சோதித்துச் சான்று தர வேண்டும். திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அப்படிப்பட்ட ஓர் ஆய்வகம். நிறுவனம் தானே எழுதித் தரும் கடிதத்துக்கும் இந்தச் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குவதற்கு முன் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு வரும் தொகுதியின் எண் சான்றில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முடிக்கொத்து வைரஸ் மட்டுமன்றி, வெள்ளரித் தேமல் வைரஸ், பூமடல் தேமல் வைரஸ், வாழைக் கீற்று வைரஸ் ஆகியவற்றுக்கும் சோதித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

சான்று இருந்தாலும் நீங்களே சோதியுங்கள். இந்த வைரஸ் செடிக்குள் நுழைந்த பிறகு கீழே கிழங்கின் வளர்முனைக்குப் போய், அங்கிருந்து புதிதாக உருவாகும் இலைகளில்தான் அறிகுறியைக் காட்டும். நுழைந்த நாளில் ஏற்கெனவே விரிந்திருந்த இலைகள் கடைசிவரை நலமாகவே தோன்றும். அறிகுறி தெரியச் சில வேளைகளில் மூன்று வாரம் போதும், சில வேளைகளில் மூன்று மாதம் ஆகும். குளிர்ந்த மாதங்களில் வாழை இலை விடுவதே மெதுவாகிவிடுவதால் இன்னும் தாமதமாகும். வந்த கன்றுகளைத் தனி வலைக்கூடத்தில் மூன்று மாதமாவது நிறுத்தி வையுங்கள். இளம் இலையிலிருந்து மாதிரி எடுத்து, இறங்கிய அன்று ஒரு முறையும் நிறுத்தி வைத்த காலத்தின் முடிவில் ஒரு முறையும் சோதியுங்கள். செலவைக் குறைப்பதற்காக இருபது இலைகளை ஒன்றாக அரைத்துச் சோதிக்கச் சொல்வார்கள். ஒரே ஒரு கன்றில் சிறிதளவு வைரஸ் இருந்தால் அந்தக் கலவையில் அது தெரியாமல் போகக்கூடும். இந்த மூன்று மாதத்தை உங்கள் ஆய்வுத் திட்டத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள், யாரும் அதைத் தாமதம் என்று சொல்லாதபடி.

அடுத்தது அசுவினி. ஒரு விஷயத்தில் இந்த வைரஸ் நமக்கு அனுகூலமானது: தாய் அசுவினியிடமிருந்து அதன் குஞ்சுக்கு வைரஸ் போவதில்லை. இந்தப் பூச்சி ஆண் துணையின்றி நேரடியாகக் குஞ்சு ஈனும். எனவே ஒரு பெண் அசுவினியைத் தனியே எடுத்து, அது ஈன்ற குஞ்சுகளை அன்றே நலமான செடிக்கு மாற்றிவிட்டால், சில வாரங்களில் வைரஸ் இல்லாத ஒரு கூட்டம் உங்கள் கையில் இருக்கும். ஆனால் அந்த 'நலமான செடி' என்பது மேலே சொன்ன சோதனைகளைக் கடந்ததாக இருக்க வேண்டும். என் முதல் கூட்டம் அந்தப் பழைய கன்றுகளிலேயே வளர்ந்திருந்ததால், கன்றுகளோடு சேர்த்து அதையும் அழிக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது கூட்டம் சித்திரை வெயிலில் போனது. விடுமுறை நாளில் மின்சாரம் நின்று, குளிரூட்டி ஓடாமல், மூடிய அறையின் வெப்பத்தில் பெரும்பாலானவை உதிர்ந்து கிடந்தன. மூன்றாவது கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, பாதியைத் தாண்டிக்குடியில் நான் தங்கியிருந்த வீட்டின் பின்கட்டிலும் பாதியை ஆய்வகத்திலும் வைத்தேன். அது இறுதிவரை நின்றது. எவ்வளவு நம்பகமான அறையாக இருந்தாலும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். கூண்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பொறிவண்டின் புழு ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். ஒரு புழு ஒரு வாரத்தில் கூட்டத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

அசுவினியை ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் முறையைக் கண்ணால் பார்த்துப் பழக வேண்டும். அதன் ஊசி போன்ற வாயுறுப்பு மட்டைக்குள் ஆழமாக இறங்கி, சாறு ஓடும் குழாயில் செருகியிருக்கும். தூரிகையால் சட்டென்று தூக்கினால் அந்த ஊசி உள்ளேயே முறிந்து, பூச்சி உயிரோடு இருப்பதுபோல் தோன்றினாலும் அதன் பிறகு சாறு உறிஞ்ச முடியாமல் செத்துவிடும். மெல்லிய ஒட்டக முடித் தூரிகையின் நுனியை ஈரப்படுத்தி, பூச்சியின் பின்பக்கத்தை மெதுவாகத் தொட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். முதலில் உணர்கொம்புகளை அசைக்கும், பிறகு உடலை முன்னும் பின்னும் ஆட்டி ஊசியை வெளியே இழுக்கும், பிறகு நடக்கத் தொடங்கும். நடக்கத் தொடங்கிய பிறகுதான் தூரிகையில் ஏற்ற வேண்டும். வைரஸ் உள்ள செடியில் குறைந்தது நான்கு மணி நேரமாவது மேய்ந்தால்தான் அசுவினி இந்த வைரஸைப் பெறும். நான் ஓர் இரவும் பகலும் விட்டுவிடுவேன். பெற்ற பிறகு அது பூச்சியின் உடலுக்குள் சுற்றி எச்சில் சுரப்பியை அடைந்து, பெரும்பாலும் அதன் வாழ்நாள் முழுவதும் தங்கும். பூமடல் தேமல் வைரஸையோ வெள்ளரித் தேமல் வைரஸையோ எடுத்துக்கொண்டவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. அவற்றை அசுவினி சில நொடிகள் குத்திப் பார்ப்பதிலேயே பெற்றுவிடும், சிறிது நேரத்தில் இழந்தும் விடும். அங்கே பூச்சியைச் சற்று நேரம் பட்டினி போட்டு, மிகக் குறுகிய நேரமே நோயுற்ற இலையில் விட வேண்டும். இரண்டையும் ஒரே செய்முறைத்தாளில் நடத்த முயன்று ஆண்டுகளைத் தொலைத்த நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

உங்கள் கையில் இருப்பது எந்த அசுவினி என்பதையும் தொடக்கத்திலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். தாண்டிக்குடிப் பக்கத்தில் வாழைக்கு அருகிலேயே ஏலக்காயும் சேம்பும் இருக்கும். அவற்றிலும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் அசுவினி மேயும். நெடுங்காலம் இரண்டையும் ஒரே இனத்தின் இரு வடிவங்களாகவே எழுதி வந்தார்கள். 2010-இல்தான் அவை தனித்தனி இனங்கள், வாழையில் இருப்பது பென்டலோனியா நைக்ரோநெர்வோசா, ஏலக்காயிலும் சேம்பிலும் இருப்பது பென்டலோனியா கலாடி என்று மரபணு வரிசையையும் உடலளவுகளையும் கொண்டு பிரித்தார்கள். இரண்டாவதும் இந்த வைரஸைப் பரப்பக்கூடியது, ஆனால் திறன் குறைவு. நான் எல்லாவற்றையும் முடித்துக் கட்டுரையை அனுப்பியபோது, ஒவ்வொரு உயரத்திலிருந்தும் எடுத்த கூட்டம் எந்த இனம் என்பதற்கு மரபணுச் சான்று கேட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் சில பூச்சிகளை அடர் எத்தனாலில் போட்டு உறைபெட்டியில் வைத்திருந்ததால் தப்பித்தேன். அப்படி வைக்காத ஒரு தோழி, மலைக்குத் திரும்பி வந்து தேடியபோது அந்தத் தோட்டமே இல்லை.

ஆய்வகப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாழைச்சாறு பிசிஆர் வினையைத் தடுக்கும். இலையை வெட்டியதும் கறுப்பதற்குக் காரணமான பொருள்களே இங்கும் இடையூறு. வைரஸ் இல்லை என்று வரும் ஒவ்வொரு முடிவுக்கும், அதே மாதிரியில் வாழையின் சொந்த மரபணு ஒன்று பெருகுகிறதா என்று பாருங்கள். அதுவும் பெருகவில்லை என்றால் வினையே நடக்கவில்லை என்று பொருள். மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்துப்போகச் செய்து மீண்டும் ஓட்டுங்கள்.

தோட்டங்களுக்குப் போவது பற்றி யாரும் எழுதுவதில்லை, எனக்கோ அதுதான் மனத்தை மிகவும் பாதித்த பகுதி. பெரும்பாறைக்கு மேலே ஒரு பெரியவர், நான் இலை வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "தாயி, நீங்க இதை எடுத்துக்கிட்டுப் போனதும், தோட்டத்தையே வெட்டச் சொல்லி ஆளு வருமா?" என்று கேட்டார். "இல்லீங்கய்யா, நான் படிக்கிற பிள்ளை, எனக்கு அந்த அதிகாரம் எல்லாம் இல்லை" என்றேன். "அப்போ வெட்டாம இருந்தா பிழைக்குமா?" என்றார். பிழைக்காது என்பதைச் சொல்ல எனக்கு நெடுநேரம் பிடித்தது. அறிகுறி வந்த குத்து மீளாது, தார் போட்டாலும் விரல்கள் தேறாது, அதன் பக்கக்கன்று ஒவ்வொன்றும் நோயோடுதான் வரும். மாதிரி எடுக்கும் முன்பே அந்த விவசாயியிடம் நீங்கள் யார், முடிவு எங்கே போகும், அவருக்கு என்ன தெரிவிப்பீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். முடிவு வந்ததும் முதலில் அவருக்குச் சொல்லுங்கள். நலமான தோட்டங்களைக் காலையில் முதலில் பார்த்துவிட்டு, நோயுள்ள தோட்டங்களுக்குக் கடைசியாகப் போங்கள். வெட்டிய இலையை அங்கேயே இறுக மூடும் உறையில் போடுங்கள். உங்கள் பையிலும் சட்டையிலும் அசுவினி ஏறி அடுத்த தோட்டத்துக்குப் போனால், நோயைப் பரப்பியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

அந்தப் பெரியவர் குத்துகளை அகற்ற ஒப்புக்கொண்டபோது, முதலில் பூச்சிக்கொல்லி தெளித்து அசுவினிகளைக் கொன்ற பிறகே வெட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். வெட்டிய வாழை வாடத் தொடங்கியதும் அதிலுள்ள அசுவினிகள் கிளம்பி அக்கம்பக்கத்துக் குத்துகளைத் தேடிப் போகும். அவசரத்தில் அரிவாளை மட்டும் எடுத்தவர்களின் தோட்டங்களில் நோய் குறையாததற்கு இதுவே பெரிய காரணம். கிழங்கோடு பெயர்த்தெடுத்தால்தான் மறுபடி துளிர்க்காது. அவர் தோட்டத்தை மட்டும் சுத்தம் செய்தால் போதாது என்பதால் மேல்பக்கத்துத் தோட்டக்காரரிடமும் பேசினேன். அவர் சம்மதிக்க ஒரு பருவம் ஆனது. இருவரும் சேர்ந்து அகற்றிய பிறகே புதுக்கன்று நட்டார்கள்.

கடைசியாகப் பணமும் காலமும். வைரஸ் பரவல் சோதனை ஒன்று தொடங்கி முடிய, கன்றை நிறுத்தி வைக்கும் காலத்தையும் அறிகுறிக்குக் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்தால், ஏழெட்டு மாதம் ஆகும். மூன்று முறை திரும்பச் செய்து காட்ட வேண்டியிருக்கும். உதவித்தொகை அதற்குள் முடிந்துவிடும் என்பதை எடுத்த எடுப்பிலேயே கணக்குப் போட்டு வழிகாட்டியிடம் எழுத்தில் கொடுங்கள். என் முதல் ஆண்டுத் தோல்வியை அரையாண்டு அறிக்கையில், உறைபெட்டி மாதிரிகளின் பிசிஆர் படத்தோடு, உள்ளது உள்ளபடியே எழுதியிருந்தேன். அதைத் தவிர்த்துவிடலாமே என்று சிலர் அறிவுறுத்தினார்கள். கால நீட்டிப்புக்கு விண்ணப்பித்தபோது குழுவினர் கேட்ட முதல் ஆவணமே அந்த அறிக்கைதான், அதைப் பார்த்த பிறகே கையெழுத்திட்டார்கள். நீட்டிப்பு கிடைத்தாலும் பணம் வர மாதங்கள் ஆகும். நிதி முடிவதற்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள், கொடுத்ததற்கான ஒப்புகையில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.